ஒன்பதாவது சுமை

எட்டு வரிகள் இருக்க வேண்டிய பட்டியலில் ஒன்பது இருந்தன.

கண் எரிச்சலில் தப்பாகத் தெரிகிறது என்றுதான் சித்ரகலா முதலில் நினைத்தாள். தீபாவளிக்குச் சோமனூர் போய், தறிகள் நின்றுவிட்ட வீட்டில் மூன்று நாளும் தூக்கம் பிடிக்காமல் புரண்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மதியம் பஸ் பிடித்து நேராக ஆபீசுக்கு வந்திருந்தாள். மானிட்டர் கண்ணாடியில் விரலை வைத்து மேலிருந்து கீழாக எண்ணினாள். உத்திரத்தின் சொந்த எடை. அதன்மேல் ஊற்றும் தளக் கான்கிரீட். கைப்பிடிச் சுவரும் தாரும். ஓடும் வண்டிகள். வண்டிகள் பிரேக் போடும்போது தள்ளுகிற விசை. வெயிலில் பாலம் நீள்வது. காற்று. ஆற்றுத் தண்ணீர் தூணை முட்டுவது. எட்டு. பாலத்தின்மேல் வரக்கூடிய எல்லாச் சுமைகளையும் போன வருஷம் அந்த மென்பொருளில் ஏற்றியவள் அவள்தான். வேறு யாரும் அந்தக் கோப்பைத் தொட்டதில்லை.

ஒன்பதாவது வரிக்குப் பெயர் இல்லை. பெயர் எழுதும் கட்டம் காலியாக இருந்தது.

திறந்து பார்த்தாள். இரண்டாவது உத்திரம். சரியாக நடுவில். நாற்பத்தெட்டு கிலோ.

தண்ணி லாரியும் டேங்கரும் ஏறப்போகிற பாலத்தில் நாற்பத்தெட்டு கிலோவைத் தனியாக யார் எழுதுவார்கள்? ஒரு நூல் மூட்டை அளவுகூட இல்லை. அழித்தாள். வரி மறைந்தது. பட்டியலில் எட்டு நின்றது.

"ஆச்சுங்களா கண்ணு?" உள்ளறையிலிருந்து சாமியப்பன் கேட்டார். அங்கே அவர் பழைய வரைபடங்களைக் கிழித்துக்கொண்டிருந்தார். அவசரமே இல்லாமல், ஒவ்வொரு தாளாக, நீளவாக்கில்.

"இப்பத்தானுங்க சார் திறந்தேன்."

"பொறுமையாப் பண்ணு. நாளைக்குப் பத்து மணிக்குத்தான அவிய வருவாங்க."

மழை வருவதற்கு முந்தைய மங்கல் வெளிச்சம் ஜன்னலில் நின்றது. திருப்பூரே காலியாக இருந்தது. தெற்கத்திக்காரர்கள் எல்லாரும் பண்டிகைக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். மற்ற நாட்களில் கீழ்த்தளத்து நிட்டிங் கம்பெனியின் நாற்பது மெஷின்களும் ஓடும் அதிர்வு தரை வழியாக ஏறி, செருப்பு வழியாகக் குதிகாலைத் தொட்டுக்கொண்டே இருக்கும். நாலு வருஷமாக அதைக் கவனித்ததே இல்லை. இன்றைக்கு அது இல்லாதது பல்வலி நின்ற இடம்போல ஒரு வெறுமையாகத் தெரிந்தது. மழையை நம்பி எங்கேயோ சாயத்தண்ணியைத் திறந்துவிட்டிருந்தார்கள். ஆற்றின் காரநெடி ஜன்னல் இடுக்கு வழியாக வந்து நாக்கில் படிந்தது.

சாமியப்பனின் கன்சல்டன்சியில் மொத்தம் ஆறு பேர். இன்றைக்கு வரச் சொன்னது சித்ரகலாவை மட்டும். ஐம்பத்தாறு வயது மனிதர். யாரிடமும் குரலை உயர்த்திப் பேசி அவள் பார்த்ததில்லை. டீ கொண்டுவருகிறவரைக்கூட 'வாங்க சாமி' என்பார். அப்படிப்பட்டவர் போனில், அதே மெல்லிய குரலில், அந்தப் பாலத்தின் கணக்கை மாற்றி எழுத வேண்டும் என்று சொன்னார்.

பாலம் கட்டுகிறவர்களுக்கு நாளைக்கு அதன்மேல் என்ன ஏறும் என்று தெரியாது. அதனால் தெரிந்த எடையை ஓர் எண்ணால் பெருக்கி, பெருத்துப்போன அந்த எடையையும் பாலம் தாங்குமா என்று பார்த்துக்கொள்வார்கள். சாதாரண ஆறு என்றால் பாலத்தின் சொந்த எடையை ஒன்றேகாலால் பெருக்க வேண்டும். உப்பு கம்பியைத் தின்னும் இடம் என்றால் ஒன்றரை. நொய்யல் வருஷம் முழுக்க உப்பும் சாயமுமாக ஓடுகிற ஆறு. சித்ரகலா போன வருஷம் ஒன்றரைதான் போட்டிருந்தாள். உள்ளே இழுத்துக் கட்டி இறுக்க ஓர் உத்திரத்துக்கு நான்கு இரும்புக் கேபிள்கள் தேவை என்று வந்தது. சாமியப்பன் அந்தத் தாளின் ஓரத்தில் பச்சை மையால் 'நார்மல் போதும், 1.25' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"மூணு கேபிள்ல முடிக்கோணும்னு காண்ட்ராக்டர் நிக்கறாருங் கண்ணு. மாத்திப் போட்டுரு."

மாற்றிப் போட்டாள். ஒரு கட்டம், ஓர் எண். அரை நிமிஷ வேலை.

ஆகஸ்டில் தளக் கான்கிரீட் ஊற்றிக்கொண்டிருந்தபோது இரண்டாவது உத்திரம் நடுவில் ஒடிந்தது. அளவு சரிபார்க்கச் சித்ரகலா அன்றைக்கு அங்கே போயிருந்தாள். சட்டி சட்டியாகக் கான்கிரீட் கைமாறிக்கொண்டிருந்த வரிசையில் கடைசியாக நின்றவள் கருத்தம்மா. கமுதிப் பக்கத்துக்காரி. சத்தம் வந்ததும் எல்லாரும் ஓடினார்கள். அவள் தளத்தோடு கீழே போனாள். சித்ரகலா ஆற்றுப்படுகையில் இறங்கி ஓடியபோது கருத்தம்மாவின் இடுப்புக்குக் கீழ்ப்பகுதியின்மேல் உத்திரம் கிடந்தது. மேலே தலையும் கையும் மட்டும். சுற்றிலும் ஈரக் கான்கிரீட் வழிந்து, கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டிருந்தது. கிரேன் வர மூன்று மணி நேரம் ஆயிற்று. மூன்று மணி நேரமும் அவள் சித்ரகலாவின் கையை விடவில்லை.

"வலிக்கலத்தா," என்றாள் நடுவில் ஒருமுறை. முகத்தில் சிமெண்ட் காய்ந்து வெடித்திருந்தது. "கனமாத்தான் இருக்கு. செத்தத் தூக்கச் சொல்லுத்தா."

கிரேன் தூக்கியது. உத்திரத்தோடு பாதி கருத்தம்மா மேலே போனாள்.

தவசி அவளுடைய புருஷன். அதே பாலத்தில் ஜாக்கி வைத்துக் கேபிள் இழுக்கிறவன். நான்கு கேபிளை இழுக்கச் சொன்னோம், அவன்தான் மூன்றை இழுத்துவிட்டுப் போய்விட்டான் என்று சாமியப்பனும் காண்ட்ராக்டரும் எழுதிக்கொடுத்தார்கள். இரண்டரை மாதமாகக் கோயமுத்தூர் ஜெயிலில் இருக்கிறான். நாளைக்கு வரப்போவது விசாரணைக் குழு. அவர்கள் கையில் ஒன்றரையும் நான்கு கேபிளும் உள்ள கணக்கைக் கொடுத்துவிட்டால் தவசி வெளியே வரமாட்டான்.

அதைச் செய்யத்தான் வந்திருந்தாள். கம்ப்யூட்டரின் தேதியை முந்தின வருஷம் மார்ச்சுக்குத் திருப்பினாள். பச்சை மை போட்ட தாளோடு சேர்த்துப் பழைய தாள்கள் மூன்றும் மேசைமேல் இருந்தன. பார்த்து முடித்ததும் கிழிப்பதற்கு. 1.25 என்பதை அழித்து 1.5 என்று போட்டாள். மூன்றை அழித்து நான்கு. ஓட விட்டாள்.

சுமைகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பெருக்கும் கூட்டுகள் இருபத்து நான்கு. திரையின் அடியில் அந்த எண்கள் ஒவ்வொன்றாக ஏறின. ஒன்று, இரண்டு, மூன்று. இருபத்து நான்கில் நின்றன. அச்செடுக்கப் பட்டியலைத் திறந்தாள்.

ஒன்பது வரிகள்.

கூட்டுகளின் அட்டவணையிலும் அது நுழைந்திருந்தது. பெயரில்லாத அந்தச் சுமைக்கு முதல் கூட்டில் பெருக்கும் எண் ஒன்று. இரண்டாவதில் ஒன்றேகால். பிறகு ஒன்றரை, இரண்டு, இரண்டரை. கீழே போகப் போக நாற்பது, அறுபது. கடைசிக் கட்டங்களில் எண்ணே தெரியவில்லை. கட்டத்துக்குள் அடங்காத எண் என்றால் அங்கே '####' என்று வெறும் வேலிக்கோடுகள்தான் வரும். வேலிக்கோடுகள் இருந்தன.

அவள் மௌஸிலிருந்து கையை எடுத்தாள். அப்போதுதான் அந்த வாசனை வந்தது. சாய ஆற்று நெடி அல்ல. குளிர்ச்சியாக, மண்ணும் சுண்ணாம்பும் கலந்தாற்போல, அப்போதுதான் குழைத்த சிமெண்டின் வாசனை.

மேலே, மொட்டை மாடியில், சொத்தென்று ஏதோ விழுந்தது. ஒரு சட்டி நிறையக் கான்கிரீட்டைக் கவிழ்த்த சத்தம். பிறகு இன்னொன்று. இடையே வெறுங்கால்கள் நடக்கும் சத்தம். கனத்தோடு வரும் கால். கனமில்லாமல் திரும்பும் கால்.

"மேல ஆருங்க சார்?"

கிழிக்கும் சத்தம் நின்றது. "மேல ஆரு? கதவு பூட்டியிருக்குது. சாவி என்ற பையிலதான் இருக்குது."

"சத்தம் கேக்குதுங்களே."

"மழையா இருக்குங் கண்ணு."

மழை இன்னும் பெய்யவில்லை. ஜன்னலுக்கு வெளியே புளியமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.

சித்ரகலா எழுந்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டாள். "என்னால முடியலீங்க சார். வேண்டாமுங்க. அந்தாளு பாவமுங்க."

சாமியப்பன் கையில் ஒட்டியிருந்த காகிதத் துணுக்கைத் தட்டிவிட்டுக்கொண்டே வெளியே வந்தார். கோபப்படவில்லை. அவளைப் பார்த்துப் பரிவோடு தலையை ஆட்டினார்.

"அதுல உன்ற கையெழுத்தும் இருக்குது கண்ணு. நீயும் நானும் உள்ள போறதா, இல்ல அவனா? ரோசிச்சுப் பாரு. அவன் பொண்டாட்டியே போயிட்டா. அவனுக்கு இனி உள்ள இருந்தா என்ன, வெளிய இருந்தா என்ன?" நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "நகரு. நானே போடறேன்."

ஒன்பதாவது வரியை அவரும் பார்த்தார். நெற்றி சுருங்கியது. "இதென்ன குப்பை?" அழித்தார். அது மறுபடி வந்தது. இன்னொருமுறை அழித்தார். வந்தது. "செரி, கெடக்கட்டும். பூஜ்யம் போட்டா எத்தனையால பெருக்கினாலும் பூஜ்யந்தான்." அந்த வரியின் எல்லாக் கட்டங்களிலும் பூஜ்யம் போட்டு ஓட விட்டார்.

திரையின் அடியில் ஒன்று என்ற எண் தோன்றியது.

இரண்டு.

சாமியப்பன் கடிகாரப் பட்டையைத் தளர்த்தினார். "புழுக்கமா இருக்குது."

மூன்று. அவர் உட்கார்ந்திருந்த சுழல் நாற்காலி உஸ்ஸென்று மூச்சு விட்டபடி நான்கு விரல் கீழே இறங்கியது. அவர் சிரித்தார். "பழைய சேரு." மூன்றுக்கும் நான்குக்கும் இடையே எண் நெடுநேரம் நின்றது. வழக்கமாகக் கண்ணிமைக்கும் நேரம்தான்.

நான்கு. அவர் கன்னங்கள் தொங்கின. யாரோ கீழிருந்து பிடித்து இழுப்பதுபோலத் தாடைச் சதை கழுத்துக்கு இறங்கியது. கண்ணின் கீழிமை கவிழ்ந்து உள்சிவப்பு தெரிந்தது. எழுந்திருக்கக் கையை ஊன்றினார். கை எழவில்லை. கைக்கடியில் மௌஸ் படீரென்று உடைந்தது.

"கண்ணு," என்றார். "கைய எடுக்க முடியலியே."

ஐந்து.

நாற்காலியின் தண்டு முறிந்தது. அவர் முழங்காலில் விழுந்தார். இரண்டு முழங்கால்களும் ஒரே நேரத்தில் உடைந்தன. அவர் அலறவில்லை, அலற மார்பில் காற்று ஏறவில்லை. அப்படியே முன்னால் சாய்ந்து தரையில் கவிழ்ந்தார். விழுந்த வேகத்தில் டைல்ஸ் நட்சத்திரம்போல விரிசல் விட்டது.

சித்ரகலா ஓடிப்போய்க் கம்ப்யூட்டரின் மின்சுவிட்சை அணைத்தாள். யூ.பி.எஸ். பீப் பீப் என்று கத்தியது. அதன் கம்பியையும் பிடுங்கினாள். திரை கறுத்தது. அறை அமைதியானது.

அந்த அமைதியில் சாமியப்பனின் முதல் விலா எலும்பு ஒடிந்தது. முற்றிய முருங்கைக்காயை இரண்டாக ஒடிக்கும் சத்தம். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். திரை செத்துப்போயிருந்தது. எண்ணிக்கை நிற்கவில்லை.

அவர் கையைப் பற்றித் தூக்கப் பார்த்தாள். கருங்கல்லில் வார்த்ததுபோல இருந்தது. ஒரு விரலையாவது நகர்த்த முடியுமா என்று சுண்டுவிரலைப் பிடித்து இழுத்தாள். விரல் எழவில்லை. நகம் மட்டும் அவள் கையோடு வந்தது.

அவள் அதை உதறினாள். பின்னால் போனாள். முதுகு சுவரில் முட்டியது. கதவு இடதுபுறம். நாலே எட்டு. படிக்கட்டு, தெரு, காலியான ஊர். போயிருக்கலாம்.

மேசைமேல் அந்த மூன்று தாள்கள் கிடந்தன.

என்ன செய்கிறோம் என்று தெரியாமலேயே அவற்றை எடுத்தாள். ஃபேக்ஸ் மெஷின் அலமாரிக்கு மேலே இருந்தது. விசாரணைக் குழுவின் கடிதம் சுவரில் குத்தியிருந்தது; அதன் தலைப்பில் ஃபேக்ஸ் எண். ஞாயிற்றுக்கிழமையானாலும் மெஷின் தானாக எடுத்துக்கொள்ளும். எண்ணைத் தப்பாக அடித்தாள். அழித்துவிட்டு மறுபடி அடித்தாள். அந்தப் பக்கம் கீச்சென்ற ஒலி வந்தது. முதல் தாள் உள்ளே நகரத் தொடங்கியது.

"அனுப்பாத."

தரையோடு ஒட்டிய வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது. கன்னம் டைல்ஸ்மேல் பரந்து கிடந்தது. ஒரு கண் தரையில் பதிந்துவிட, மற்றது அவளைப் பார்த்தது. உதவி கேட்கவில்லை. "அனுப்பாத கண்ணு," என்றார் மறுபடியும், அதே மெல்லிய குரலில், பல்லும் ரத்தமும் சேர்ந்து வர.

இரண்டாவது தாள். பச்சை மைத் தாள். ஒவ்வொரு அங்குலமாக நகர்ந்தது. ஓர் அங்குலத்துக்கு ஒரு விலா எலும்பு.

அப்போதுதான் தரையில் ஈரம் தெரிந்தது.

ஜன்னலோரச் சுவரின் அடியில் ஒரு காலடி. சாம்பல் நிறம். வெறுங்கால், சிறியது, பெண்ணின் கால். அதன் முன்னால் இன்னொன்று. பிறகு இன்னொன்று. ஆள் இல்லை. ஈரச் சிமெண்டில் தோய்ந்த பாதங்கள் மட்டும் ஒவ்வொன்றாகத் தரையில் தோன்றி, அறையைக் குறுக்கே கடந்து, சாமியப்பனை நோக்கி வந்தன. சுற்றிப் போகவில்லை. பலகைமேல் ஏறுவதுபோல அவர்மேல் ஏறின.

சட்டை முதுகில் ஒரு சாம்பல் பாதம் பதிந்தது. முதுகு உள்ளே போனது.

அடுத்த பாதம். கழுத்து.

வாசல் பக்கச் சுவர்வரை போய், நின்று, திரும்பின. திரும்பும் காலடிகள் கனமில்லாமல் லேசாகப் பதிந்தன. இப்போது அவற்றில் சிவப்பும் இருந்தது. ஜன்னலோரம் போய்ச் சேர்ந்ததும் மறுபடி கனத்தோடு வந்தன. கருத்தம்மாவின் நாற்பத்தெட்டு கிலோ மட்டும் இத்தனை செய்யாது. சட்டி நிறைய இருந்தது. ஒவ்வொரு தடவையும் சட்டி பெரிதாகிக்கொண்டே போனது. நான்காவது நடையில் சாமியப்பனின் பார்த்துக்கொண்டிருந்த கண்ணும் மூடாமலே போயிற்று. ஆறாவது நடையில் அவர் ஒரு சாண் உயரம்கூட இல்லை. சட்டை பெரிதாகத் தெரிந்தது. உள்ளே இருந்ததெல்லாம் டைல்ஸ் இடுக்குகள் வழியாக நான்கு பக்கமும் கோடு பிடித்து ஓடியது.

மூன்றாவது தாள் முடிந்தது. மெஷின் ஒரு சிறு துண்டுக் காகிதத்தைத் துப்பியது. போய்ச் சேர்ந்துவிட்டது என்று அதில் இருந்தது.

காலடிகள் நின்றன.

அவள் முன்னால், இரண்டடி தூரத்தில், இரண்டு சாம்பல் பாதங்கள் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. விரல்கள் அவள் பக்கம் திரும்பியிருந்தன.

"அனுப்பிட்டனுங்க," என்றாள் சித்ரகலா. குரல் காற்றாக வந்தது. "தவசி வந்துருவாருங்க. நான் சொல்லிர்றேன். எல்லாத்தையும் சொல்லிர்றேன்."

சிமெண்ட் வாசனை நெஞ்சை அடைத்தது. பிறகு தலைக்கு மேலே அந்தச் சத்தம் கேட்டது. ஆகஸ்டில் ஒருமுறை கேட்டு, அதன்பிறகு ஒவ்வொரு தூக்கத்திலும் கேட்ட சத்தம். முதலில் இரும்பு கீச்சிடுவது. பிறகு கல் பிளப்பது. தரையில் சுவருக்குச் சுவர் நீளமாக ஒரு நிழல் விழுந்தது. அகலமாகிக்கொண்டே வந்தது. மேலே ட்யூப்லைட்டையும் வெள்ளைக் கூரையையும் தவிர ஒன்றுமில்லை. நிழல் இறங்கியது.

இரண்டு கைகளையும் தூக்கினாள். யோசிக்கவில்லை. விழுவது எதுவானாலும் யாரும் அப்படித்தான் தூக்குவார்கள்.

உள்ளங்கைகளில் சொரசொரப்பாக, ஈரமாக, சில்லென்று வந்து அது உட்கார்ந்தது.

தோள்மூட்டு ஒன்று நழுவி வெளியே வந்தது. குதிகால் இரண்டும் டைல்ஸை உடைத்து உள்ளே இறங்கின. மணிக்கட்டில் எலும்பு கிளைபோலப் பிளந்து தோலை முட்டியது. ஆனால் அது நின்றது. துல்லியமாக அவளால் தாங்க முடிந்த அளவு. ஒரு மயிரிழை கூடுதலில்லை, குறைவில்லை. அசையாமல் நின்றால் போதும்.

நின்றாள்.

மழை வந்தது. போனது. ஜன்னல் கறுத்தது. அவள் தூங்கவில்லை, அழவில்லை, கண்ணீரைத் துடைக்கக் கை இல்லை. பல்லைக் கடித்ததில் கடைவாய்ப் பல் ஒன்று பிளந்தது, அதை விழுங்கினாள். ஈரச் சிமெண்ட் கை வழியாக வழிந்து, அக்குளில் தேங்கி, ரவிக்கைக்குள் இறங்கி, விடியும்போது இறுகியிருந்தது.

காலையில் ஃபேக்ஸ் மெஷின் விழித்து ஒரு தாளைத் துப்பியது. தொங்கிக்கொண்டிருந்த அதை அவளால் படிக்க முடிந்தது. பக்கங்கள் கிடைத்தன. தொழிலாளி தவசியின் வழக்கறிஞருக்கும் நகல் அனுப்பப்பட்டது. பத்து மணிக்கு நேரில் வருகிறோம்.

சந்தோஷம் என்று ஒன்று உள்ளே எங்கேயோ அசைந்தது. போதும், இனி விட்டுவிடலாம் என்று தோன்றியது. முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தப் போனாள்.

அப்போது அவள் காலடியில் ஓர் அதிர்வு ஏறியது.

கீழே ஒரு மெஷின் ஓடத் தொடங்கியிருந்தது. பிறகு இரண்டாவது. மூன்றாவது. ஊரிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து இறங்கியவர்களின் பேச்சுச் சத்தம் தரை வழியாகக் கேட்டது. சிரிப்பு. யாரோ ஹிந்தியில் பாடினான். ஒரு பெண் கூப்பிட்டாள். நாற்பது மெஷின்கள். அறுபது எழுபது பேர். அவள் குதிகாலிலிருந்து கிளம்பிய விரிசல் அறை நீளத்துக்கும் ஓடித் தூணைத் தொட்டிருப்பதை அப்போதுதான் பார்த்தாள்.

"ஏலேய், மேல பாருல," கீழே ஓர் ஆண்குரல். "சீலிங்ல இருந்து என்னல மண்ணாக் கொட்டுது?"

முழங்காலை மறுபடி இறுக்கினாள். உடைந்த எலும்பு உள்ளே உரசியது. போங்க என்று கத்த நினைத்தாள். எல்லாரும் வெளிய போங்க. தாடை திறக்கவில்லை. கழுத்துவரை சிமெண்ட் பிடித்திருந்தது.

கதவு திறந்தது. பெருக்க வரும் நஞ்சம்மாள் துடைப்பத்தோடு உள்ளே வந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் கிடந்ததை அவள் பார்க்கவில்லை. கைகளைத் தலைக்குமேல் தூக்கி, அலமாரிக்குப் பக்கத்தில், ஒன்றுமில்லாத காற்றைத் தாங்கி நிற்கும் சித்ரகலாவைத்தான் பார்த்தாள்.

"ஐயோ, என்னுங் கண்ணு இது? ராத்திரியெல்லாம் இப்படியேவா நின்னுட்டு இருந்தீங்க?"

சித்ரகலா கண்களால் கெஞ்சினாள். கண்களை மட்டும்தான் அசைக்க முடிந்தது. கிட்டே வராதீங்க. தொடாதீங்க. இமைகளை மூடி மூடித் திறந்தாள்.

நஞ்சம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். வீங்கிக் கறுத்த மணிக்கட்டுகளைப் பார்த்ததும் அவள் கண் கலங்கியது. இரண்டு கைகளாலும் அவற்றைப் பற்றினாள். வெதுவெதுப்பான, மிருதுவான கைகள்.

"பயந்துக்காதீங்க சாமி. நான் வந்துட்டனல்ல. கைய எறக்குங்க."

சொல்லிக்கொண்டே, குழந்தையைத் தொட்டிலிலிருந்து இறக்குவதுபோல, கீழே இழுத்தாள்.

கைகள் ஒரு விரற்கடை இறங்கின.

நஞ்சம்மாளின் நெற்றியில் சொட்டென்று ஏதோ விழுந்தது. ஒரு கையால் அதைத் தொட்டுப் பார்த்தாள். ஈரச் சிமெண்ட். மற்றக் கை மணிக்கட்டை இழுத்தபடியே இருக்க, அவள் மெதுவாக அண்ணாந்து பார்த்தாள்.